குளிர் தாங்கும் மரத்துக்கு ஹீட்டர் போட்ட கதை

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. எழுதும்போது பாதி மறந்தும் போகிறது.

நியூ ஜெர்சியில் மகன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு இத்தாலிக்கார அம்மா இருந்தார். என்னைவிட மூத்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் எங்களுக்குள் மனஸ்தாபம் வந்ததே இல்லை. அவர் வீட்டுக்குப் பின்னால் சீமை அத்தி மரம் ஒன்று நின்றது. பனியிலும் சாகாத ரகம். இறந்துபோன அவர் வீட்டுக்காரர் வைத்தது.

முட்டிவலி தாங்காமல் வீட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்கப் போனார். போகும்போது அந்த மரத்துக் கொம்பை வேர்பிடிக்க வைத்து, தொட்டியோடு என்னிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு, கைகளைக் கட்டிக் கண்ணை மூடிக் குறட்டை விட்டுக் காட்டினார். பிறகு எங்கள் கார் நிறுத்தும் கராஜைக் காட்டினார். குளிர் மாதங்களில் இது அங்கே குளிர்ச்சியில் தூங்கட்டும் என்கிறார். இதைப் புரிந்துகொள்ள இங்கிலீஷ் எதற்கு? அடுத்த ஆகஸ்டில் வந்து பார்ப்பதாக மகனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டை வாங்கியவர்கள் முதல் வேலையாகப் பெரிய மரத்தை வெட்டிவிட்டுக் கல் பாவினார்கள். என் தொட்டியில் இருந்ததுதான் அந்த மரத்தின் மிச்சம்.

நவம்பரில் இலை கொட்டியது. நான் தொட்டியைக் கராஜுக்கு நகர்த்தும்போது மகன் பார்த்துவிட்டான்.

இங்கே நம் ஜனங்களின் வீடுகளில் கறிவேப்பிலைச் செடிக்குக் கிடைக்கும் மரியாதை எந்த மாமியாருக்கும் கிடையாது. ஹாலில் ஜன்னலோர இடம், தலைக்கு மேல் தனி விளக்கு, பக்கத்தில் ஹீட்டர். வீட்டார் ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆள் வேறு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்; கறிவேப்பிலையில் ஒரு இலை வாடினால்கூட மகன் இருக்கும் வாட்ஸ்அப் தோட்டக் குரூப்பில் இருபது பேர் வைத்தியம் சொல்வார்கள். அத்தியையும் அதன் பக்கத்திலேயே வை என்று குரூப்பில் தீர்ப்பாகிவிட்டது. அவர்களில் ஒருத்தரும் அத்தி வளர்த்ததில்லை. கறிவேப்பிலையைப் பிழைக்க வைத்தவர்கள், அது போதாதா?

அந்த அம்மா கராஜைத்தானே காட்டினார் என்று நானும் சொன்னேன். நான் பேசுவது பாத்திரம் கழுவும் தண்ணீர்ச் சத்தத்துக்குள் அடங்கிவிடும்.

“குளுரும், உள்ள எடுத்து வைங்கன்னு காட்டியிருப்பாங்கம்மா. குரூப்ல எல்லாம் எக்ஸ்பர்ட்ஸ்,” என்றான்.

குறட்டைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஜனவரியில் வெளியே முழங்கால் அளவு பனி கிடக்க, ஹாலில் அத்தி துளிர்த்தது. துளிர் வெளிறிப்போய், நூல் மாதிரி நீண்டிருந்தது. படம் குரூப்புக்குப் போனது. ஒருத்தர் மகனுக்கு ‘அத்தி குரு’ என்று பட்டம் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குரு போனைப் பார்த்து முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தான். மருமகள் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ஏப்ரலில் நாலு நாள் வெயில் அடித்ததும் தொட்டியை வெளியே வைத்தான். அந்த வாரமே உறைபனி விழுந்தது. தூங்குகிற மரமாக இருந்திருந்தால் தாங்கியிருக்கும். இது ஹாலில் சொகுசாக வளர்ந்தது. துளிரெல்லாம் வெந்த கீரை போலக் கறுத்துத் தொங்கியது. சில நாளில் கொம்பும் சுருங்கிவிட்டது.

குரூப்புக்கு அந்தப் படம் போகவில்லை. மகன் ஆன்லைனில் வேறு அத்தி வரவழைத்தான். பழையதைக் குப்பை வண்டிக்காகத் தெருவோரம் வைத்தான்.

“ஆகஸ்ட்ல அவங்க வந்தா இதையே காட்டிடலாம். எல்லா அத்தியும் ஒரே மாதிரிதாம்மா இருக்கும்.”

புருஷன் வைத்த மரத்தை நம்பிக் கொடுத்தவரிடம் கடைச் செடியைக் காட்டுவதா?

“அந்தம்மாகிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன் கண்ணு. இங்கிலீஷ்லயும் சொல்ல மாட்டேன்,” என்றேன்.

அவன் சிரித்துவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டான்.

மருமகளும் நானும் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தோம். கொம்பைக் கீறினால் பழுப்பு. இன்னும் கீழே, மண்ணை ஒட்டிக் கீறினேன். பச்சை தெரிந்தது. காய்ந்ததை வெட்டி எறிந்துவிட்டுத் தொட்டியைக் கராஜுக்குப் பின்னால், மகன் கண்ணில் படாத இடத்தில் வைத்தோம். மே மாதக் கடைசியில் அடியிலிருந்து இரண்டு முளை வந்தது. ஆகஸ்டில் இடுப்பளவு நின்றது. காய் ஒன்றும் இல்லை.

சொன்னபடி அந்த அம்மா வந்தார். மகன் முன்வாசலில் புது மரத்தை நிறுத்தி வைத்திருந்தான். அதில் மூன்று காய். அவர் ஒரு இலையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் அவர் கையைப் பிடித்துக் கராஜுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். மருமகளையும் கூப்பிட்டேன்.

“நடந்ததை அப்படியே சொல்லும்மா. நான் வாய மூடிட்டு இருந்ததையும் சொல்லு.”

அவள் ஒன்று விடாமல் சொன்னாள். ஹீட்டர் இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள் என்று நினைக்கிறேன். அந்த அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, முளைகளைத் தொட்டுப் பார்த்தார். இலையை முகர்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, எங்கள் பின்னாலேயே வந்து நின்ற என் மகனைப் பார்த்து ஏதோ நீளமாகச் சொன்னார்.

“என்னம்மா சொல்றாங்க?” என்றேன்.

“இந்தத் தொட்டி பக்கம் இவர் வரவே கூடாதாம் அத்தை. அடுத்த வருஷம் பழத்துக்கு வருவாங்களாம், நீங்கதான் பறிச்சுக் குடுக்கணுமாம்.”

“ஜோக் பண்றாங்கம்மா,” என்றான் மகன்.

இந்தக் குளிருக்குத் தொட்டி கராஜில் இருக்கிறது. மாதம் ஒரு தடவை ஒரு டம்ளர் தண்ணீர் விடுகிறேன். அது போதுமா, ஏப்ரலுக்குப் பதில் மே பாதியில் வெளியே வைப்பது சரியா, நான் எழுதின மாதங்கள் ஒத்துவருகின்றனவா என்று அத்தி வளர்த்த யாராவது பார்த்துத் திருத்துங்கள். என் மகனிடம் மட்டும் கேட்க வேண்டாம்.