விட்டுப்போன பொட்டாஷ் வரி

அக்கா பதினொன்றாம் வகுப்பை முடித்திருந்தாள். நான் ஐந்தாம் வகுப்பு. அந்தக் கோடையில் ராஜபாளையத்தில் எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் நூல்போலத்தான் விழும். குடம் நிறையும்வரை அக்கா எனக்கு ஒரு வேதியியல் கணக்கைச் சொல்லிக்கொண்டிருப்பாள். அவளுக்கு வாய்த்த ஒரே மாணவன் நான்தான்.

கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த ஏதோ ஒரு வாயு. அதை ஆக்சிஜனோடு கலந்து எரிக்க வேண்டும். எரித்து ஆறவிட்டால் வாயுவின் அளவு குறையும். எவ்வளவு குறைந்தது என்பது ஹைட்ரஜனைக் காட்டிக்கொடுக்கும். மிச்சத்தைப் பொட்டாஷ் கரைசலுக்குள் விட்டால் இன்னும் குறையும். அது கார்பனைக் காட்டிக்கொடுக்கும். முதலில் எரிப்பு, இரண்டாவது பொட்டாஷ் என்று என்னைச் சொல்லவைப்பாள். எனக்குக் கழித்தல் மட்டும்தான் புரிந்தது. ஆனால் அந்தக் கணக்கின் விடை மனப்பாடம்: மூணு கார்பன், எட்டு ஹைட்ரஜன்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, பட்டாளத்திலிருந்து விடுப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்திருந்தார். அக்கா அவருக்குத்தான் என்பது அவள் பிறந்தபோதே பேசியது. இந்த விடுப்பிலேயே கல்யாணம் முடிய வேண்டும் என்றார். இன்னும் ஒரே வருஷம், ப்ளஸ் டூ எழுதிவிடுகிறேன் என்று அக்கா அழுதாள். அப்பா நியாயம் பார்ப்பவர். மாமாவே ஒரு கேள்வி கேட்கட்டும், அவள் சரியாகச் சொன்னால் ஒரு வருஷம் பொறுக்கட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். மாப்பிள்ளையையே பரீட்சை வைக்கச் சொல்கிறோமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

மாமா வேதியியலில் இரண்டாம் தடவை எழுதித் தேறியவர். தன் பழைய கைடைக் கொண்டுவந்து, பக்கத்தின் அடியில் இருந்த கணக்கை வாசித்தார். இருபது மில்லி ஹைட்ரோகார்பன், நூற்றைம்பது மில்லி ஆக்சிஜன். எரித்து ஆறியபின் நூற்றுப்பத்து மில்லி வாயு. வாய்பாடு என்ன?

அக்கா நோட்டில் எழுதினாள். நிமிர்ந்தாள்.

"ஹைட்ரஜன் எட்டு, அது உறுதி. கார்பனைச் சொல்ல ஏலாது மாமா. மூணாவும் இருக்கலாம், நாலாவும் இருக்கலாம், அஞ்சாவும் இருக்கலாம். இதுல ஒரு வரி கொறையுது."

மாமா அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "கேள்வி ஒண்ணு கேட்டா பதில் மூணு வருது அத்தான். கட்டுதவன் பாடு என்னத்துக்கு ஆகும்?"

எனக்குத் தெரிந்தது ஒரே விடைதான். அதைக் கத்திச் சொன்னேன்.

மாமா கைடின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். விடை அதுவேதான். வீடே என்னைப் பார்த்தது. அக்கா மட்டும் சிரிக்காமல் கேட்டாள்:

"எப்படி வந்துச்சுன்னு வழியச் சொல்லுலே."

எனக்கு எல்லோரும் பார்த்தால் நாக்கு எழாது. இன்றைக்கும் அப்படித்தான். அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"விடை சரியா இருக்கு, வழி எதுக்கு?" என்றார் மாமா.

அப்பா எழுந்துவிட்டார். "அஞ்சாங்கிளாஸ் பய சொல்லிட்டான். பதினோரு வருசமா உனக்கு என்னட்டி வேலை பள்ளிக்கூடத்துல?"

அடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணம். நான் இன்ஜினியராவேன் என்று பந்தியில் பேசிக்கொண்டார்கள். ஆறாம் வகுப்பில் சேர்க்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. தளவாய்புரத்தில் நைட்டிக்குத் துணி வெட்டப் போனேன், இன்னும் வெட்டுகிறேன்.

போன வருஷம் அக்கா வீட்டுப் பரணில் அந்தக் கைடு கிடைத்தது. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளிடம் அன்று நடந்ததைச் சொல்லிக் கொடுத்தேன். அவள் அந்தக் கணக்கைத் தேடி வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். மறுபக்கத்தில் ஒரு வரி இருந்தது. பொட்டாஷில் செலுத்தியபின் மிஞ்சியது ஐம்பது மில்லி.

"இது இல்லாம அத்தை சொன்னதுதாம்ப்பா சரி" என்றாள்.

மாமா அந்த வரியைப் பார்க்கவில்லையா, பார்த்தும் விட்டாரா, தெரியாது. அவரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அக்கா அன்று என்னிடம் வழியைக் கேட்டது பொறாமையில்தான் என்று நினைத்து, கல்யாணம் வரை அவளோடு பேசாமல் இருந்தேன். நான் வழியைச் சொல்லியிருந்தால், குழாயடியில் சொல்லிப் பழகியபடி, இரண்டாவது பொட்டாஷ் என்று சொல்லியிருப்பேன். அது எங்கே என்று அப்பா கேட்டிருப்பார். மாமா பக்கத்தைத் திருப்ப வேண்டி வந்திருக்கும். அந்த வீட்டில் தனக்காகச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆளை அவள் கூப்பிட்டிருக்கிறாள். நானோ அம்மாவின் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.