ஆறுகால் ஜந்துவுக்கு எந்தக் கால் வலி?

எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வெங்கிடி எழுதுவது ஒரே வார்த்தைதான்: "ஆகலை." அதனால் அன்று காலை அவன் பெயரில் செய்தி வந்ததும், மறுபடியும் எதில் குற்றம் கண்டுபிடித்தானோ என்ற எரிச்சலோடுதான் திறந்தேன். எழுதியிருந்தது அவன் தம்பி. தூக்கத்திலேயே அண்ணா போய்விட்டான் என்றிருந்தது.

மட்டாஞ்சேரி வீட்டுக் கூடத்தில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். கைகள் உடம்போடு ஒட்டி, கால் கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டி, இடமும் வலமும் ஒன்றுபோல. எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. அவன் ஒருநாளும் ஒப்புக்கொள்ளாத போஸ் அது. அவனோடு வேலை செய்த உங்களுக்கு ஏன் என்று தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

கணினியில் செய்த உருவத்துக்குள் எலும்பு பொருத்தி அசைய வைப்பதை ரிக்கிங் என்போம். வெங்கிடிக்கு அதுதான் வேலை. நான் விளம்பரங்களுக்குக் குக்கரும் நாற்காலியும் செய்துகொண்டிருந்தவள். குழந்தைகள் தொடர் ஒன்றுக்கு எருமை உடம்பும் ஆறு கால்களும் உள்ள ஒரு ஜந்து தேவைப்பட்டபோது, அதை நானே செய்து நானே ரிக்கும் பண்ணுகிறேன் என்று வாய் விட்டேன். தயாரிப்பாளருக்குப் பிடிக்காவிட்டால் திரும்பவும் குக்கர்தான்.

முதல் நாள் தாடையைத் திறந்தால் வால் ஆடியது. எந்தத் தோல் எந்த எலும்பின் பேச்சைக் கேட்க வேண்டும் என்று அங்குலம் அங்குலமாகச் சொல்லிக்கொடுத்தேன். பிறகு போஸ் கொடுக்க உட்கார்ந்தேன். ஒரு பக்கம் செய்வதை மறுபக்கமும் செய்யும் கண்ணாடி வசதியை அணைக்க மறந்திருந்தேன். இடது முன்காலைத் தூக்கினால் வலதும் எழுந்தது. பின்னால் வெங்கிடியின் குரல் கேட்டது.

"என்ன கௌரி, தொழுதுண்டு நிக்கறதா?"

அணைத்துவிட்டு நேராக நிறுத்தினேன். அப்போதும் அவன் நகரவில்லை.

"ஆகலை. இதுக்கு எந்தக் கால் வலி?"

"அது பொம்மையாக்கும் வெங்கிடி! ஒரு காலும் வலிக்கலை!"

"வலிக்காத ஜந்து எங்கே இருக்கு? நிக்கணும்னா எங்கேயாவது பாரத்தைக் குறைக்கணும், கேட்டியா."

மறுநாள் காலை தயாரிப்பாளர் வருகிறார், இவனுக்குப் பொம்மைக்கு வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கிறது. "இடது நடுக்கால்! போதுமா?" என்று கத்தினேன்.

"மதி. இனிமே நிக்க வை."

அந்தக் காலைச் சற்று மடக்கினேன். உடம்பு சாய்ந்தது. சாய்வைத் தாங்க மற்ற ஐந்து கால்களையும் ஒவ்வொன்றாக நகர்த்தினேன். சாயங்காலம் அது நின்றது. மறுநாள் அதைப் பார்த்த தயாரிப்பாளர் முதலில் கேட்டது, "இதினு சுகமில்லே?" என்றுதான். உடம்பு சரியில்லையா என்று நிஜமாகவே கவலைப்பட்டார். வேலை எனக்குக் கிடைத்தது. வெங்கிடியோ, "வால் ஆகலை" என்றான்.

அவனோடு சாயா குடிக்கப் போவதே ஒரு தொல்லை. கிளாஸ் ஆறிப்போகும் வரை எதிரே நிற்பவர் இடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பான். எந்தப் பக்கம் பாரம் இறங்குகிறது என்று பார்க்கிறானாம். அடி வாங்காமல் திரும்பியதே பெரிய விஷயம்.

அந்த நடுக்காலால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஜந்து நடக்கும் ஒவ்வொரு காட்சியிலும் அதற்குத் தனியாக உழைக்க வேண்டும். நேராக்கிவிடலாம் என்று எத்தனையோ தடவை வெங்கிடியோடு சண்டை போட்டிருக்கிறேன். அவன் அசையவே மாட்டான்.

காரியங்கள் முடிந்ததும் தயாரிப்பாளர் கூப்பிட்டார். வருத்தம் சொன்னார். பிறகு மெல்ல, "வெங்கிடி இனி இல்லல்லோ. ஆ கால் நேரேயாக்கியாலோ? பணி எளுப்பமாவும்" என்றார். அந்தக் காலை நேராக்கிவிட்டால் வேலை சுலபமாகுமாம். எனக்குத் தெரியாதா? பாதி வேலை குறையும்.

"முடியாது சார்" என்றேன். "அதுக்கு அந்தக் கால் வலிக்கறது."

கூடத்தில் வராத அழுகை அப்போது வந்தது.

வெங்கிடியிடமிருந்து எனக்கு மிஞ்சியது, நான் வருஷக்கணக்காகத் திட்டித் தீர்த்த அந்த ஒரு கால். அதை நேராக்க யாரையும் விடுவதாக இல்லை.