அவள் பாதியில் விட்டுப்போன கம்ப்யூட்டர்

சிதம்பரத்தில் இருந்த என் கம்ப்யூட்டர் கடைக்குக் கிள்ளையிலிருந்து ஒருவர் சிபியூவைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கருமாதி பேனருக்கு எங்க வூட்டுக்காரம்மா போட்டோ வேணும் தம்பி. பாஸ்வேர்டு அவளுக்குத்தான் தெரியும்."

பாஸ்வேர்டு கேட்காத லினக்ஸ் சிடி போட்டு, உள்ளே எதையும் மாற்றாமல் விண்டோஸ் டிஸ்க்கைப் படிக்க மட்டும் திறந்து படத்தை எடுத்துக் கொடுத்தேன்.

"இனிமே நீங்களே திறக்கிற மாதிரி பாஸ்வேர்டையும் நீக்கிடட்டுமாண்ணே? ஆனா அக்கா ஆஃப் பண்ணாம, திறந்திருந்ததெல்லாம் அப்படியே இருக்கிற மாதிரி ஹைபர்நேட்ல போட்டிருக்காங்க. பாதியில விட்ட வேலையெல்லாம் அழிஞ்சிடும்."

வழக்கமாக இதை நான் கேட்பதுகூட இல்லை, அழித்துவிடுவேன்.

அவர் திரையையே பார்த்தார்.

"ஆஸ்பத்திரி போயிட்டு வந்து முடிக்கிறேன்னுதான் போனா. வேணாம் தம்பி, அப்படியே இருக்கட்டும்."

சிபியூவை மடியில் வைத்தபடி பஸ்ஸில் போனார்.

அதன்பிறகு கேட்காமல் எதையும் நான் அழித்ததில்லை. திரும்பி வந்து முடிக்கலாம் என்றுதானே எல்லோரும் எழுந்து போகிறோம்.