புது நேரத்தில் பிறந்த பிள்ளை

ஒரு தாய்க்கு, அவர் பெற்ற பிள்ளை என்றைக்குப் பிறந்தது என்று நான் திருத்திச் சொல்லியிருக்கிறேன். அதுவும் குரலை உயர்த்தி.

யுத்தம் முடிந்து சில வருஷங்கள். மாம்புரியில் ஓர் உரக்கடைக்கு மேலே கணினி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். மாணவர்களின் விபரங்களைப் பதிந்து சான்றிதழ் அச்சிட நானே ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். எழுதி முடித்ததும் என் பிறந்த திகதியை அடித்துப் பார்த்தேன். சரியாக வந்தது. மற்றவர்களும் என்னைப் போலத்தான் பிறந்திருப்பார்கள் என்று சோதனையை அத்தோடு முடித்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை, படித்து முடித்த மாணவி ஒருத்தி தாயோடு வந்தாள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து அகதிகளாக வந்த குடும்பம். தாய் வெங்காயத் தோட்டத்திலிருந்து நேரே வந்திருந்தார். கையில் மண் காயவில்லை.

"சேர், நீங்க தந்த சேட்டிபிகட்ல பிறந்த திகதி பதினொண்டு எண்டு இருக்கு. பிறப்புச் சான்றிதழ்ல பன்னிரண்டு. ரெண்டும் ஒத்து வராட்டி வேலைக்கு எடுக்க மாட்டாங்களாம். திங்கக்கிழமை கடைசி நாள்" என்றாள் மகள்.

திரையைப் பார்த்தேன். பதினொன்று.

"வகுப்பில சேரக்குள்ள போம் நிரப்பினது ஆரு?"

"நான்தான்" என்றார் தாய்.

"அப்ப நீங்கதான் பிழையா எழுதியிருக்கீங்க, தங்கச்சி. பெத்த பிள்ளைட திகதி தெரியாதா? கொம்பியூட்டர் தானா ஒரு நாளக் கழிக்குமா?"

மகள் தாயைத் திரும்பிப் பார்த்தாள். தாயின் முகம் சுருங்கியது. ஆனாலும் அண்ணனை அழைக்கும் முறையில் 'நானா' என்றே பேசினார்.

"நான் நிரப்பாத போமா, நானா? அகதிக் கார்ட் காலத்திலேருந்து நிரப்புறன். பன்னிரண்டாந் திகதி விடியத் தொழுகைக்குச் சுபஹுப் பாங்கு சொல்லக்குள்ள பிறந்தா. புது நேரம் அஞ்சேகால். இவட வாப்பா வீட்டுக் கடிகாரத்தில பழைய நேரத்தப் பாத்து நாலே முக்கால் எண்டு எழுதி வச்சார். அதையும் திருத்தினது நான்தான்."

"சரி சரி, போமைத் தேடிப் பாக்கிறன்" என்று அனுப்பிவிட்டேன். மனிசிக்குக் கதை அதிகம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

போம் அலுமாரிக்குள்ளேயே இருந்தது. அச்சுப் போன்ற கையெழுத்தில், பன்னிரண்டு.

கதிரையில் உட்கார்ந்து போமையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தேன். அப்போதுதான் அந்தச் சொல் காதுக்குள் திரும்ப வந்தது. புது நேரம். தொண்ணூறுகளில் அரசாங்கம் எல்லோருடைய கடிகாரத்தையும் முன்னுக்குத் தள்ளியதும், பத்து வருஷம் கழித்துப் பழையபடி பின்னுக்கு இழுத்ததும் நாம் எல்லோரும் அனுபவித்ததுதான். அந்தக் காலத்தில் நான் தவறவிட்ட பஸ்களுக்குக் கணக்கில்லை. ஆனால் புரோகிராம் எழுதும்போது மறந்துபோனேன். கணினி மறக்கவில்லை.

என் புரோகிராம் பிறந்த திகதியை அந்த நாள் தொடங்கும் இரவு பன்னிரண்டு மணியாக எடுத்து, உலகப் பொது நேரத்துக்கு மாற்றிச் சேமிக்கும். இந்தப் பிள்ளை பிறந்தபோது இலங்கை அதைவிட ஆறு மணித்தியாலம் முந்தியிருந்தது என்று கணினி மொழிக்குத் தெரியும், ஆறைக் கழித்தது. திரும்ப அச்சிடும் இடத்தில் மட்டும் நான் கெட்டிக்காரத்தனமாக என் கையாலேயே இப்போதைய ஐந்தரையைக் கூட்டி வைத்திருந்தேன். அரை மணித்தியாலம் குறைந்தது. பன்னிரண்டாந் திகதி தொடங்க வேண்டிய பிள்ளை, பதினோராந் திகதி இரவு பதினொன்றரைக்கே நின்றுவிட்டது. அந்தப் பத்து வருஷத்துக்குள் பிறந்த எல்லோருக்கும் இதே கதிதான். நான் அதற்கு எவ்வளவோ முன்னே பிறந்தவன்; எனக்குச் சரியாக வராமல் என்ன செய்யும்?

பிறந்த நாளுக்கு மணியே தேவையில்லை. திகதியைத் திகதியாகவே வைத்திருந்தால் போதும். மாற்றி எழுத அரை நாள்கூட ஆகவில்லை.

ஞாயிறு காலை புதுச் சான்றிதழோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மகள் வெளியே போயிருந்தாள். வாசலில் நின்றபடியே தாய்க்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். ஒரு காகிதத் துண்டில் ஆறும் ஐந்தரையும் எழுதிக்கூடக் காட்டினேன். "நீங்க சொன்ன புது நேரத்தாலதான் பிழையப் பிடிச்சன்" என்றேன், ஏதோ அவருக்குப் பரிசு கொடுப்பதைப் போல.

அவர் சான்றிதழை வாங்கி, பன்னிரண்டு இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார். துண்டை என்னிடமே திருப்பித் தந்தார்.

"விளக்கம் நல்லாத்தான் இருக்கு, நானா. ஆனா எனக்கு ஏசினது மகளுக்கு முன்னால. அவ பின்னேரம் வருவா. அந்நேரம் வந்து இதையே சொல்லுங்க."