இரண்டு நண்டும் ஒரே நிறை

போன சனிக்கிழமை பெரியகல்லாற்று வாவிக்கரையில் இரண்டு நண்டு வாங்கினேன். ஒவ்வொன்றும் சரியாக அறுநூறு கிராம். தராசே சாட்சி! பெருமையாகக் களுவாஞ்சிக்குடிக்குக் கொண்டுவந்தேன். அதாவது, மனைவியின் வீட்டுக்கு... எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்குக் குடிபோவது?

மனைவி பையைத் திறந்தாள்.

"இது நிலவு காலம், நண்டில சதை வத்தியிருக்கும். நண்டுக் கால முறிச்சுப் பாத்தா வாங்கின நீங்க?"

"தராசில போட்டுப் பாத்தன்."

ஒவ்வொரு நண்டிலும் ஒரு காலை முறித்தாள். ஒன்றில் வெள்ளைச் சதை. மற்றதில்... வெறும் தண்ணீர்.

என் மானத்தைவிடப் பெரிய பிரச்சினை அன்று வீட்டில் இருந்தது. மச்சாள் சுதா, மனைவியின் தங்கை, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். தேநீர் ஆறிப்போனதும் தெரியாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாவி நண்டின் இரத்தத்தில் கிருமி கொல்லும் பெப்டைட் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறாள். அமினோ அமிலங்களை மணி மணியாகக் கோத்த சின்ன மாலை அது. ஐந்தாவது மணி லியூசினா, ஐசோலியூசினா? பேராசிரியர் கேட்டுவிட்டார். இவள் லியூசின் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். ஆதாரம்? அதுதான் அதிகம் காணப்படுவது என்ற துணிச்சல்!

"ஏதோ ஒண்டு. அதுக்கேன் இவ்வளவு யோசினை?" என்றேன்.

"பிழையான மணியக் கோத்துச் செஞ்சா மருந்து வேலை செய்யாம விடலாம் அத்தான். மூண்டு வருசப் பாடு போயிரும்."

"மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எண்டு பெரிய மெஷின் இருக்கெண்டாயே?"

"அதுவும் தராசு மாதிரித்தான். ரெண்டிலயும் ஒரே அணுக்கள், ஒரே நிறை. கிளை பிரியிற இடம்தான் வேற. மாலையத் துண்டு துண்டா உடைச்சு நிறுத்தாலும் வித்தியாசம் தெரியாது. அதுதான் கரைச்சல்."

"அப்ப என்ன வழி?"

சுதா முறிந்து கிடந்த நண்டுக் காலைக் காட்டினாள். "அக்கா செஞ்சதுதான். மாலைய மட்டும் உடைச்சாக் காணாது. மணியில இருக்கிற கிளையையும் முறிக்கணும். லியூசின் எண்டா பெரிய துண்டு கழரும், ஐசோலியூசின் எண்டா சின்னத் துண்டு. அப்பிடி முறிக்கிற மெஷினுக்குத்தான் கொழும்புக்கு அனுப்பியிருக்கன். இண்டைக்கு ரிசல்ட்."

கறி அடுப்பிலிருந்து இறங்கும்போது போன் கிணுங்கியது.

கழன்றது சின்னத் துண்டு. ஐசோலியூசின்!

அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளோ பேராசிரியருக்கு உடனே இரண்டு வரி அனுப்பினாள்: "ஊகித்து எழுதினேன் சேர், பிழை. திருத்தி அனுப்புகிறேன்." அனுப்பிவிட்டு, பசிக்குது என்று உட்கார்ந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும்... இத்தனை வருடமாக எழுதும் இந்தப் பத்திரிகைப் பத்தியில் நான் ஊகித்து எழுதியவை எத்தனை? ஒருநாளாவது "பிழை" என்று எழுதியிருக்கிறேனா?

சதை நண்டு சுதாவின் சோற்றுக் கோப்பைக்குப் போனது. தண்ணீர் நண்டு யாருக்கு என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

என் நிறை எழுபத்திரண்டு கிலோ, வாசகர்களே... தயவுசெய்து காலை மட்டும் முறித்துப் பார்க்காதீர்கள்!