மன்னி போட்ட படம்

ஓவியக் கல்லூரியில் எனக்கு முதன்முதலாக வரையக் கொடுத்தது ஒரு காது. வெள்ளைச் சாந்தில் வார்த்தது, உள்ளங்கையைவிடப் பெரியது, ஏதோ ஒரு கிரேக்கச் சிலையின் காதுக்கு நகல். பூஜை விடுமுறைக்குக் கல்லூரியை மூடியபோது அனுமதி வாங்கி, அதைத் துண்டில் சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு பாலிகஞ்சில் அண்ணா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். கூடத்து ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுக் கால் கழுவப் போனேன். திரும்பி வந்தால், மன்னி இடுப்பில் கைவைத்தபடி அதன் எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.

"அம்பி, இது யாரோட காது?"

"தெரியாது மன்னி. கிரீஸ் தேசத்துச் சிலையோடது."

"மத்த பாகமெல்லாம்?"

"காலேஜ்ல இருக்கு. மூக்கு ஒண்ணு, உதடு ஒண்ணு, எல்லாம் தனித்தனியா."

"அப்போ முழு ஆளை எப்போ காட்டுவா?"

மூன்றாவது வருஷம் என்று சொன்னதும் மன்னி சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். எனக்குக் கொஞ்சம் ரோஷம்தான். ஆனாலும் அந்தச் சிரிப்பு தொற்றிக்கொள்கிற சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன். கல்கத்தாவில் எனக்கு ஒரு சிநேகிதம் கிடைத்தது அன்றைக்குத்தான்.

அண்ணா ஓர் ஆங்கிலேய வியாபாரக் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அப்பா காலமான பிறகு எனக்கு எல்லாம் அவர்தான். கும்பகோணத்தில் நான் எஃப்.ஏ. பரீட்சையில் கவிழ்ந்ததும், கணக்குக்குப் பதில் நான் பேப்பர் ஓரங்களில் போட்டிருந்த படங்களை ஒரு வாத்தியார் அவருக்குத் தபாலில் அனுப்ப, "சரி, அதையாவது ஒழுங்காகக் கற்றுக்கொள்ளட்டும்" என்று கல்கத்தாவுக்கு வரவழைத்துச் சேர்த்துவிட்டார். சர்வே ஆபீஸிலோ ரயில்வேயிலோ வரைபடம் போடும் உத்தியோகம் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. கலை என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. மன்னி என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவள். திருவையாற்றுப் பெண். குழந்தை இல்லை. அக்கம்பக்கத்தில் தமிழ் பேச ஓர் ஆள் இல்லாத அந்த வீட்டில், காலை ஒன்பது மணிக்கு நாங்கள் இருவரும் ரயிலுக்கு ஓடிய பிறகு, அவளுக்குத் துணை வீட்டுக்குப் பின்னாலிருந்த குளமும் அடுத்த வீட்டு வங்காளி அம்மாளும்தான்; அவளை மாஷிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடுவோம்.

காது வந்த நாளிலிருந்து மாலைகளில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. அண்ணாவுக்கு முன்னால் நான் வீடு திரும்புவேன். மன்னி அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டே, "இன்னிக்கு என்ன சொல்லிக்குடுத்தா?" என்பாள். நான் அன்றைய பாடத்தை ஒப்பிக்க வேண்டும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, நிழலின் ஓரம் ஏன் மங்குகிறது, தூரத்துப் பொருள் ஏன் சிறுக்கிறது என்றெல்லாம். கலை வரலாற்று வகுப்பென்றால் அவளுக்கு இன்னும் கொண்டாட்டம். ஜன்னல்களை மூடி, மாய விளக்கு வைத்து, வெள்ளைத் துணியில் படங்களைப் பெரிதாக விழச்செய்து பாடம் நடத்துவார்கள். இத்தாலி தேசத்து மாதாக்கள், கிரேக்க வீரர்கள், கடைசியில் மொகலாய அரசர்களின் சின்னஞ்சிறு சித்திரங்கள். நான் கைகளை விரித்து அந்தப் படங்களைக் காற்றில் வரைந்து காட்டுவேன். மன்னி கேட்கும் கேள்விகள்தான் திணற அடிக்கும். "அந்த மாதா மடியிலே இருக்கிற குழந்தை அழறதா, சிரிக்கிறதா?" எனக்குத் தெரியாது. தேதிகளையும் நகரங்களின் பெயர்களையும் எழுதிக்கொண்டு வந்திருப்பேன். குழந்தையின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டேன். மறுநாள் பார்த்துவிட்டு வந்து சொல்லுவேன்.

கல்லூரிக்குப் பக்கத்திலேயே மியூசியம். அங்கே பெண்களுக்கென்று தனியாக ஒரு நாள் உண்டு. அன்று ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். ஒரு நாள் மாஷிமாவும் மன்னியும் மூடிய வண்டியில் போய்விட்டு வந்தார்கள். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது மன்னிக்குப் பேச்சு நிற்கவில்லை.

"அம்பி, அந்தப் பழைய கல் வேலி இருக்கே, வட்ட வட்டமாச் செதுக்கினது. அதுலே ஒரு ராட்சசன் உக்காந்திருக்கான். ஒரே குரங்குக் கூட்டம். அவனுக்குப் பல் பிடுங்கறதுகள்! பல்லுலே இடுக்கியை மாட்டிக் கயிறு கட்டி, கயித்தை யானை இழுக்கறது! மாஷிமா 'ஏ கீ காண்டோ, ஏ கீ காண்டோ'ன்னு, இது என்ன கூத்துன்னு, தரையிலேயே உக்காந்துட்டா."

அந்தக் கல் வேலியைப் பற்றி எங்களுக்கு நான்கு வகுப்புகள் நடந்திருந்தன. அதில் செதுக்கியிருந்த ஒரு ராணியின் கனவையும் தாமரைகளையும் பார்த்து வரைந்திருந்தேன். குரங்குகளைப் பார்த்த நினைவே இல்லை. மறுநாள் ஓடிப்போய்ப் பார்த்தேன். இருந்தது. யானை உண்மையாகவே மும்முரமாக இழுத்துக்கொண்டிருந்தது. என்னோடு படித்த பையன்களையும் இழுத்துவந்து காட்டினேன். காவலாளி அதட்டும் அளவுக்குச் சிரித்தோம்.

அதற்குப் பிறகுதான் மன்னி தானும் வரைந்து பார்க்க என் கரிக்குச்சியைக் கேட்டாள். கரிக்கோட்டை அழிப்பதற்குக் கல்லூரியில் ரொட்டித் துண்டை உபயோகிப்போம். கடை ரொட்டி, ஆசாரம் பார்க்கும் அண்ணாவின் வீட்டுக்குள் வரக்கூடாது. மன்னி யோசித்துவிட்டு, எண்ணெய் விடாமல் கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து ஒற்றிப் பார்த்தாள். ரொட்டியைவிட நன்றாக அழிந்தது. முதலில் அவள் போட்ட சொம்புகள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றன. "தண்ணி கொட்டிடும் போலிருக்கு" என்று அவளே சொல்லிக்கொண்டு அழித்துவிடுவாள். சில மாதங்களில் சொம்பு நிமிர்ந்தது. அப்புறம் குளம், படித்துறை, மீன் அரியும் மாஷிமாவின் கை.

அண்ணாவுக்கு விஷயம் அரைகுறையாகத் தெரியும். ஒரு தடவை அவள் விரல் நுனிக் கரியைப் பார்த்துவிட்டு, "அவனுக்குத்தான் தலையெழுத்து. உனக்கென்ன?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் மன்னி அதன்பின் ஒரு வாரம் குச்சியைத் தொடவில்லை. அந்த வாரம் வீடு எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

இரண்டாம் வருஷ முடிவில் கல்லூரிக் கண்காட்சி வந்தது. வெளியாரும் படம் அனுப்பலாம் என்றார்கள். மன்னியிடம் ஒரு படம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணா தூங்கும் காட்சி. நீளக் கை வைத்த சாய்வு நாற்காலி. அந்த நாற்காலிக் கைகளின்மேல் நீட்டிய கால்கள். முகத்தை முழுக்க மூடிய செய்தித்தாள். பார்ப்பவருக்கு முன்னால் தெரிவது இரண்டு பாதங்கள்தான். கட்டை விரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் நீண்ட இரண்டாவது விரல் உட்பட. எங்கள் குடும்பத்து விரல் அது. பேப்பர் நடுவில் மூச்சுக்கு லேசாகக் குழிந்திருப்பதைக்கூடப் போட்டிருந்தாள்.

"இதை அனுப்பலாமா மன்னி?"

"உங்கண்ணா பார்த்தா உன் படிப்பையே நிறுத்திடுவார்டா."

"மூஞ்சியே தெரியலையே."

"அதுவும் சரிதான்" என்றாள். பிறகு, "அனுப்பு. பேர் மட்டும் போடாதே. என்னதான் சொல்றான்னு பார்க்கணும் எனக்கு" என்றாள். அவள் குரலில் அப்படி ஓர் ஆசையை நான் முன்பு கேட்டதில்லை.

'ஒரு பெண்மணி வரைந்தது' என்ற சீட்டோடு அது சுவரேறியது. முதல் நாளே அதன்முன் கூட்டம். ஜனங்கள் சிரித்துக்கொண்டே நகர்வதைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் வாசல் பக்கம் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அண்ணா வந்துகொண்டிருந்தார். கூட அவருடைய கம்பெனித் துரையும் துரைசானியும். தம்பி படிக்கும் இடம் என்று பேச்சுவாக்கில் சொல்லப்போய், துரையே அழைத்து வந்துவிட்டாராம். என்னுடைய படங்களைப் பார்த்தார்கள். நன்று என்றார்கள். மேலே நடந்தார்கள். துரைசானி அந்தப் படத்தின்முன் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். துரையும் சிரித்தார். அண்ணாவும் மரியாதைக்குச் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பு நின்றது. படத்தைப் பார்த்தார். மெதுவாகக் குனிந்து தன்னுடைய பூட்ஸைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

நான் ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். அவர்கள் ஏதோ பேசுவது தெரிந்தது. வார்த்தைகள் காதில் விழவில்லை.

மாலை ரயிலில் அண்ணா எதிர் ஆசனத்தில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். படிப்பு முடிந்தது என்றே நினைத்தேன். என்னைவிட மன்னிக்கு என்ன ஆகுமோ என்றுதான் பயந்தேன். வீட்டில் என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. இலை போட்டாள். சாதம் பரிமாறினாள். ரசமும் ஊற்றினாள்.

"ஏண்டி" என்றார் அண்ணா, இலையைப் பார்த்தபடி. "என் ரெண்டாவது விரல் அவ்வளவு நீளமாவா இருக்கு?"

மன்னி கரண்டியோடு நின்றாள். "கொஞ்சம் குறைச்சுத்தான் போட்டிருக்கேன்" என்றாள் மெல்ல.

அண்ணாவின் தோள் குலுங்கியது. புரையேறிவிட்டதோ என்று நான் எழப்போனேன். சிரிக்கிறார்! அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"துரைசானி கேட்டா, யார் போட்டதுன்னு."

"என்ன சொன்னேள்?" மன்னி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னத்தைச் சொல்றது? கால் என்னோடது, போட்டவ என் ஆத்துக்காரின்னு சொன்னேன்." கொஞ்சம் மோரை விட்டுக்கொண்டார். "அம்பி, நாளைக்கு அந்தச் சீட்டை எடுத்துட்டு ஒழுங்காப் பேரெழுதி ஒட்டு. அநாமதேயமா எதுக்குத் தொங்கணும்?"

மறுநாள் என் கையால் அவள் பெயரைப் புதிய சீட்டில் எழுதி ஒட்டினேன். இங்கே அதை எழுதவில்லை. எனக்கு அவள் மன்னிதான். பின்னாளில் நான் பல ஊர்களில் சித்திரம் போதித்தேன். இன்று என்னிடம் படித்த பெண்களே கல்லூரிகளில் சேர்ந்து, யார் அனுமதியும் கேட்காமல் மியூசியங்களில் எல்லா நாட்களிலும் திரிகிறார்கள். அவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால், ஓர் ஓவியம் வரைவதற்கு இத்தனை பயமா என்று கேட்கிறார்கள். பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம் இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணா காலையிலேயே க்ஷவரம் செய்துகொண்டு, ஆபீஸ் கோட்டும் சரிகைத் தலைப்பாகையும் அணிந்து கூடத்துக்கு வந்தார். நாற்காலியை வெளிச்சத்தில் இழுத்துப் போட்டு விறைப்பாக உட்கார்ந்தார். "இந்தத் தடவை மூஞ்சியையும் போடு" என்றார். மன்னி காகிதத்தை விரித்தாள். "ஆடாம இருங்கோ, ஏன்னா" என்றாள். அவர் ஆடவில்லை. அவள் தலைப்பாகையின் கோட்டை முடிப்பதற்குள் அவர் தலை மெல்லச் சாய்ந்து, குறட்டை கிளம்பிவிட்டது. எழுப்பட்டுமா என்று நான் சைகையால் கேட்டேன். மன்னி உதட்டில் கரிவிரலை வைத்து என்னைத் தடுத்தாள். பிறகு சத்தமில்லாமல் அந்தக் காகிதத்தை ஒதுக்கிவிட்டு, புதிதாக ஒன்றை எடுத்துக்கொண்டாள்.