காசு வேண்டாம், கை கொடுங்கள்

என் தம்பிக்குக் கை குலுக்கக் கற்றுக்கொடுக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். "கை குலுக்கறதுக்கு ஒரு வருஷமா?" என்று என் நாத்தனார் கேட்டாள். ஆமாம், ஒரு வருஷம்தான். அவள் மகன் பத்தாம் வகுப்பைத் தாண்ட எத்தனை வருஷம் எடுத்துக்கொண்டான் என்று நான் கேட்கவில்லை.

தம்பிக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. மீசை இருக்கிறது. என்னைவிட ஒரு முழம் உயரம். பேச்சு என்று பார்த்தால் எல்லாவற்றுக்கும் 'ஆங்', என் வீட்டுக்காரரைக் கூப்பிட 'பாவா', அவ்வளவுதான். என்னைக் கூப்பிட ஒரு சொல்லும் கிடையாது. சோறு ஊட்டுவது நான், வாய் திறந்து கூப்பிடுவது பாவாவை. அம்மா போன பிறகு எங்களோடுதான் இருக்கிறான். அவனைப் போன்றவர்களுக்கு இப்போது புதுப்புதுப் பெயர்களாக வைக்கிறார்கள். காகிதத்தில்தான் மாறுகிறது. எங்கள் தெருவில் அவனை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்களோ அது மாறவில்லை.

சின்ன வயதிலிருந்தே வலது கையைக் கடிப்பான். கோபம் வந்தாலும் கடிப்பான், சும்மா இருந்தாலும் கடிப்பான். புறங்கைத் தோல் காய்த்துப்போய் மாட்டுத் தோல் மாதிரி இருக்கும். சில நாள் ரத்தம் வரும். வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தோம், துணி சுற்றிப் பார்த்தோம். துணியோடு சேர்த்துக் கடித்தான்.

அரக்கோணம் சாலையில் இவனைப் போன்ற பெரியவர்களுக்கு ஒரு பகல்நேர மையம் இருக்கிறது. காலையில் வேனில் அழைத்துப்போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து விடுவார்கள். பாய் மடிப்பது, தட்டு கழுவுவது, சட்டைப் பொத்தான் போடுவது எல்லாம் சொல்லிக்கொடுப்பார்கள். தம்பிக்கு அதில் ஒன்றும் ஏறவில்லை. கை குலுக்குவது மட்டும் ஏறியது. ஒரு டீச்சர் எதிரே நின்று கையை நீட்டுவார். இன்னொரு டீச்சர் பின்னால் நின்று இவன் முழங்கையைத் தூக்கிவிடுவார். கை கையில் பட்டதும் வாயில் கொஞ்சம் பொரி. இப்படியே தினமும். ஒரு நாள் யாரும் தூக்கிவிடாமலே கையைத் தூக்கினான். அப்புறம் நிறுத்தவே இல்லை. பால்காரர், சிலிண்டர் கொண்டுவருகிறவர், ரேஷன் கடைக்காரர், எல்லோரிடமும் கையை நீட்டினான். அவர்களும் சிரித்துக்கொண்டே ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

நீட்டிய கை வாய்க்குப் போகவில்லை. புறங்கைப் புண் ஆறியது. எனக்கு வேண்டியது அதுதான். அவன் ஊரில் உள்ள எல்லோர் கையையும் குலுக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம் என்று இருந்தேன்.

நஷ்டம் வேன் நிற்கும் இடத்தில் வந்தது. வேன் எங்கள் தெருவுக்குள் வராது. டிரைவரிடம் கெஞ்சியாகிவிட்டது, சண்டையும் போட்டாகிவிட்டது.

"உள்ள வந்தா எங்கம்மா திருப்புறது? ரிவர்ஸ்லயே மெட்ராஸ் போவட்டுமா?" என்றார்.

அதனால் கோயில் மலையின் அடிவாரத்தில், படிக்கட்டுப் பக்கம் தேங்காய்க் கடைகள் இருக்கும் இடத்தில் நிற்க வேண்டும். மலைக்குப் போகிற கூட்டம் முழுக்க அந்த வழியாகத்தான் போகும். அங்கே ஒருவன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கையை நீட்டிக்கொண்டு நின்றால் என்ன நினைப்பார்கள்?

முதலில் காசு வைத்தது, மொட்டை அடித்துச் சந்தனம் பூசிக்கொண்டு குடும்பத்தோடு வந்த ஒரு அம்மாள். இவன் கையை நீட்டினான். அவர் பர்ஸைத் திறந்து ஒரு நாணயத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துவிட்டு நடந்தார். இவன் காசைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கையைக் கவிழ்த்துக் காசைக் கீழே போட்டுவிட்டு மறுபடியும் அந்த அம்மாளைப் பார்த்துக் கையை நீட்டினான். கை இன்னும் குலுக்கவில்லையே.

"காசத் தூக்கிப் போடறான் பாரு, திமிரு!" என்றார் கூட வந்தவர்.

"யோவ், அவன் பிச்சைக்காரன் இல்ல," என்றேன்.

"அப்ப எதுக்குக் கைய நீட்டினு நிக்கறான்?"

கை குலுக்கத்தான் என்று நான் சொல்வதற்குள் அவர்கள் படியேறிவிட்டார்கள்.

அப்புறம் தினம் தினம் இதேதான். ஆந்திரா பஸ்ஸில் வந்த ஒரு பாட்டி அவன் கையில் ஒரு காசு வைத்துவிட்டு, "தீஸ்கோம்மா" என்று, எடுத்துக்கொள்ளச் சொல்லி என் கையிலும் ஒன்று வைத்துவிட்டுப் போனாள். நான் அன்றைக்குப் புதுச்சேலை கட்டியிருந்தேன். ஒருவர் வாழைப்பழம் கொடுத்தார். தம்பி அதை மட்டும் கீழே போடவில்லை.

அதே இடத்தில் தன் பெண்ணை வேன் ஏற்ற வரும் ஒருவர் இருக்கிறார். அவர் என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "வுடுக்கா. வர்றத எதுக்கு வேணான்ற? டீ செலவுக்கு ஆச்சு," என்றார்.

"உன் பொண்ணு கையில வச்சா நீ டீ குடிப்பியா?"

அதன் பிறகு ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

மையத்தின் பொறுப்பாளர் மேடத்திடம் போனேன். வேன் நிற்கும் இடத்தை மாற்றச் சொன்னேன். மற்ற வீட்டுக்காரர்களுக்கு அதுதான் வசதி என்றார். அப்புறம் யோசித்துவிட்டு, "வணக்கம் சொல்லக் கத்துக்குடுத்துடலாங்க. ரெண்டு கையும் சேந்துட்டா யாரும் காசு வைக்க முடியாதில்ல?" என்றார். கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த நாளிலிருந்து அவன் கையைத் தூக்கும்போதெல்லாம் டீச்சர் பிடித்து இன்னொரு கையோடு சேர்த்தார். வீட்டில் நான் சேர்த்தேன். பால்காரரிடம், "கை குடுக்காதீங்க, கும்பிடுங்க" என்றேன். தம்பி கையைத் தூக்குவான். எதிரே கை வராது. நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சேர்ப்போம். விட்டதும் இரண்டும் பிரிந்துகொள்ளும். இடது கை தொங்கும். வலது கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நிற்கும். பிறகு நேராக வாய்க்குப் போகும். அந்த வாரம் முடிவதற்குள் ஆறியிருந்த தோலைப் பிய்த்துவிட்டான். தலையணை உறையில் ரத்தம்.

வீட்டுக்காரர் கையைக் கழுவி மருந்து போட்டார். "பாவா, பாவா" என்று அவன் முனகிக்கொண்டே இருந்தான்.

"காசு வச்சா வச்சிட்டுப் போறாங்க," என்றார் என்னிடம். "கடிச்சிக்காம இருந்தான்ல? உனக்கு இன்னா, மானம் போவுதா?"

"ஆங், போவுது."

"போவட்டும்."

நான் அவரோடு அன்று முழுக்கச் சண்டை போட்டேன். எனக்கு மானம் போனது உண்மை. ஆனால் காசை எடுத்துக்கொள்ள அவனுக்கும்தான் பிடிக்கவில்லை. அவன் கேட்டது ஒன்று, கொடுத்தது வேறு. அது ஏன் இவர்கள் யாருக்கும் விளங்கவில்லை? மேடத்துக்குப் போன் போட்டு, இனி வணக்கம் வேண்டாம், பழையபடி கையே குலுக்கட்டும் என்றேன். "அப்ப மலைகிட்ட என்னங்க பண்ணுவீங்க?" என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். என்ன பார்த்துக்கொள்வது என்று எனக்கே தெரியாது.

மறுநாள் காலை ஒருவர் பையில் கைவிடும்போதே சொன்னேன்: "காசு வேணாங்க. கை குடுங்க."

பையிலிருந்து கை வெளியே வந்தது, வெறுங்கையாக. அது தம்பி பக்கம் வரவில்லை. அவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறேன். தெலுங்குக்காரர்களிடம் தெலுங்கில் சொல்கிறேன். காசை உடனே எடுத்து நீட்டுகிறவர்கள் கையைக் கேட்டதும் ஓர் அடி பின்னால் போகிறார்கள். "குளிச்சிட்டு சாமி பாக்கப் போறேம்மா" என்றார் ஒருவர். இவன் என்ன, குளிக்காமலா நிற்கிறான்? நான்தானே குளிப்பாட்டுகிறேன். இன்னொருவர், "வேணும்னா அஞ்சு ரூபா சேத்துத் தரேன்" என்றார். நான் என்ன பேரமா பேசினேன்? கல்லூரிப் பையன்கள் மட்டும் "ஹாய் ப்ரோ" என்று குலுக்கிவிட்டுப் போவார்கள். அவர்களுக்காக நான் மனதுக்குள் ஒரு கும்பிடு போடுவேன். ஆனால் படிக்கப் போகிற பையன்கள் மலைக்கு எத்தனை நாள் வருவார்கள்?

ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய வாரம் வந்தது. பூக்காவடிகளும் மேளமுமாக அடிவாரம் நிரம்பிவிட்டது. வண்டிகள் வராமல் தடுப்பு போட்டிருந்தார்கள். எங்கள் வேன் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கூட்டத்தைக் கடந்து தம்பியை அங்கே கொண்டுபோக என்னால் முடியாது. மேளத்துக்குப் பக்கத்தில் போனால் அவன் தரையில் உட்கார்ந்துவிடுவான். நான் என்ன செய்வது என்று நிற்கும்போது ஒரு போலீஸ்காரர் வந்தார்.

"இந்தாம்மா, இவன இட்டுகினு கெளம்பு. இங்க பிச்சை எடுக்கக் கூடாதுன்னு காலையிலேயே சொல்லியாச்சு."

"சார், வேனுக்கு நிக்கறோம்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க."

தம்பி அவரிடம் கையை நீட்டினான். அந்த மனிதர் ஒரு கையால் எங்களை விரட்டிக்கொண்டே இன்னொரு கையால் சட்டைப் பையைத் தடவினார். பழக்கதோஷம்.

"காசு வேணாம் சார். கை குடுங்க."

"இன்னா?"

"கை சார். அவன் அதத்தான் கேக்கறான்."

சுற்றி நாலு பேர் பார்த்தார்கள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டோ என்னவோ கையைக் கொடுத்தார். தம்பி குலுக்கினான். அப்புறமும் பிடித்துக்கொண்டே நின்றான். சாதாரணமாக எல்லோரும் உருவிக்கொண்டு போய்விடுவார்கள். இவர் யூனிஃபார்மில் இருந்தார். இத்தனை பேர் நடுவில் வெடுக்கென்று இழுக்க முடியவில்லை. மெதுவாக இழுத்துப் பார்த்தார். தம்பிக்கு நல்ல பலம்.

"வுடச் சொல்லும்மா."

"குடுக்கறது மட்டுந்தான் சார் சொல்லிக்குடுத்திருக்காங்க. வுடறது இன்னும் ஆரம்பிக்கல."

"இன்னாம்மா வெளையாடறியா?"

"வேன் வந்தா வுட்டுடுவான் சார். வேன் அந்தாண்ட நிக்குது, நீங்கதான் தடுப்பு போட்டு வச்சிருக்கீங்க."

அவர் என்னை முறைத்தார். தம்பியைப் பார்த்தார். தம்பி அவரைப் பார்த்து "ஆங்" என்றான். அவர் இடது கையால் விசிலை எடுத்து ஊதி, "யோவ், அந்த வெள்ள வேன உள்ள வுடுய்யா!" என்று கத்தினார்.

வேன் காவடிகளுக்கு நடுவே ஊர்ந்து வந்து நின்றது. "இன்னாம்மா, போலீஸ வச்சி வண்டி கூப்புடறியா?" என்றார் டிரைவர். ஏறுவதற்குக் கம்பியைப் பிடிக்க வேண்டுமே, அதற்காகத் தம்பி கையை விட்டான். வேன் போய்விட்டது.

போலீஸ்காரர் உள்ளங்கையைப் பார்த்தார். ஈரமாக இருந்தது. பேன்ட்டில் துடைக்கப் போனவர், நான் பார்ப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"தொடச்சிக்கோங்க சார். நானும் தெனம் தொடச்சிக்கறேன்," என்றேன்.

துடைத்துக்கொண்டார். "நாளைக்கும் இங்கதான் நிப்பீங்களா?"

"வேன் எங்க தெருவுக்குள்ள வர்ற வரைக்கும் இங்கதான்."

"எனக்கு நாளைக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் டூட்டி," என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அப்ப நாளைக்கு இங்க வர்றவர் கிட்ட சொல்லிட்டுப் போங்க சார்," என்றேன். "காசு எடுக்க வேணாம்னு."